செஞ்சியின் செங்கல் மாளிகை

செஞ்சிக்கோட்டைக்கு வந்ததும் நம்மில் பலர் நேரே ராஜகிரி மலை ஏறத்தான் கிளம்புவோம். ஏறுங்கள், தவறில்லை. ஏறும் முன் அடிவாரத்துக் கல்யாண மகாலில் அரை மணி நேரம் நில்லுங்கள். திரும்பிய பக்கமெல்லாம் கருங்கல் குவிந்து கிடக்கும் ஊரில், செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய மாளிகை இது.

செஞ்சி நாயக்கர் காலத்துக் கட்டடம் என்பார்கள். நடுவில் சதுர முற்றம், சுற்றிலும் அந்தப்புரப் பெண்கள் தங்கிய அறைகள். முற்றத்தின் நடுவே எட்டு நிலைக் கோபுரம், உயரம் சுமார் 80 அடி. உச்சியில் கூம்புக் கூரை. நிலைக்கு ஒரே ஓர் அறைதான். அதுவும் பெரும்பாலும் எட்டடிச் சதுரம்தான். அறையைச் சுற்றி வளைவுகள் வைத்த தாழ்வாரம், ஓரத்தில் ஒடுங்கிய படிக்கட்டு. மேல் நிலைகளுக்கு மண்குழாயில் தண்ணீர் போனதாகப் பழைய குறிப்புகள் சொல்கின்றன.

ஏன் செங்கல்? வளைவைக் கவனியுங்கள். கைக்கு அடங்கும் செங்கல்லை அடுக்கடுக்காக வளைத்துக் கட்டலாம். உயரத்துக்குச் சுமந்து போவதும் எளிது. கோபுரம் இத்தனை ஒல்லியாக எழுந்து நிற்க அந்த லேசான எடையும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இந்தக் கோட்டை பார்க்காத சண்டை இல்லை. 1677இல் சிவாஜி பிடித்தார். 1690 முதல் 1698 வரை, சிவாஜியின் மகன் ராஜாராமை உள்ளே வைத்து மொகலாயப் படை முற்றுகையிட்டது. 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் பிடித்தார்கள். கோட்டைக்குள் இருக்கும் வெங்கட்ரமணர் கோயிலின் ஒற்றைக்கல் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்கே கொண்டுபோய்விட்டார்கள். அரண்மனை இருந்த இடத்தில் அடித்தளம்தான் மிச்சம். கல்யாண மகால் நிற்கிறது.

1921இல் கோட்டை பாதுகாக்கப்பட்ட சின்னமானது. இந்தியத் தொல்லியல் துறை பராமரிக்கிறது. 2025 ஜூலையில், மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. அந்தப் பன்னிரண்டில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டும்தான்.

பெருமைதான். ஆனால் செங்கல் கட்டடத்துக்கு எதிரி மழையும் அரச மரமும். பறவை எச்சத்தில் விழுந்த விதை சாந்து இடுக்கில் முளைத்து, வேர் பருத்துச் சுவரைப் பிளந்துவிடும். செடியாக இருக்கும்போதே வேரோடு எடுக்க வேண்டும். விரிசலை அடைக்கும் சாந்தும் முக்கியம். சுண்ணாம்புப் பூச்சு, சுவரில் ஏறிய ஈரத்தை வெளியே விடும். மேலே சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். உப்புப் பூத்து, செங்கல் பொடிந்து உதிரும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுச் சுண்ணாம்பு அரைத்த நம் கொத்தனார்களின் கைப்பழக்கம் இன்றைக்கும் தேவைப்படுவது இதனால்தான்.

மகாலுக்குப் போனால் சுவரில் பெயர் கீறாதீர்கள். பிள்ளைகளையும் கீற விடாதீர்கள். சுண்ணாம்பால் உங்கள் தாத்தா கட்டிய காரை வீடு ஒழுகுகிறதா? சிமெண்டு மூட்டை வாங்கும் முன், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடித்துக் காட்டுங்கள்.