ஐவர் அணி



டென்மார்க் என்றவுடன் தமிழருக்கு நினைவில் எழுவது தரங்கம்பாடி. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு அங்கே கோட்டை எழுப்பிய டேனியர், 1845-இல் அதனை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினர். எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் கோட்டை கட்டியவர்கள் ஒல்லாந்தர். அவர் வேறு, டேனியர் வேறு. இருவரையும் ஒருவராக எண்ணிக் குழம்புவோர் உண்டு. ஆதலின் சொல்லி வைத்தேன். இன்று கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து தேநீர்க் கடையில் நிற்கும் இளைஞர் சிலரிடம் டென்மார்க் என்று சொல்லிப் பாருங்கள். அவர்களுக்குத் தரங்கம்பாடி தோன்றாது. "ஆஸ்ட்ராலிஸ்" என்பார்கள்.

ஆஸ்ட்ராலிஸ் என்பது ஓர் அணியின் பெயர். கால்பந்தோ கபடியோ ஆடும் அணி அன்று. கணிப்பொறியின் முன் அமர்ந்து "கவுண்டர் ஸ்ட்ரைக்" என்னும் துப்பாக்கிப் போர் விளையாட்டை ஆடும் ஐவர் அது. 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள், இலண்டன் வெம்பிளி அரங்கில் அந்த ஐவர் உலகின் தலையாய போட்டி ஒன்றில் கோப்பை ஏந்தினர். ஒரு மாதம் நிறைவதற்குள், அக்டோபர் 19-ஆம் நாள், சீனத்து ஷாங்காய் நகரில் அதே விளையாட்டை ஆடச் சென்ற இந்திய ஐவர், மேடையிலிருந்து வெளியேற்றப்பட்டு, அணியே இல்லாதவராயினர். இவ்விரண்டு ஐவரின் வரலாற்றைக் கூறவே வந்தேன்.

முதலில் விளையாட்டின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் ஐவர், எதிர்ப்பக்கம் ஐவர். ஒரு சாரார் குறித்த இடத்தில் வெடிகுண்டை வைக்க வேண்டும். மறு சாரார் அதனைத் தடுக்க வேண்டும். ஒரு சுற்று இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அக்காலத்து விதிப்படி பதினாறு சுற்றுகளை முதலில் வென்றவர்க்கு ஆட்டம். ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கும் பணத்தைக் கொண்டே அடுத்த சுற்றுக்கு ஆயுதம் வாங்க வேண்டும். எனவே எப்போது செலவிடுவது, எப்போது சேமிப்பது என்ற கணக்கும் தலைவனுக்கு உண்டு. குறி தவறாமல் சுடுவது மட்டுமே திறமை என்று வெளியிலிருந்து பார்ப்போர் கருதுவர். ஐவருள் ஒருவர் புகைக்குண்டு வீசி எதிரியின் பார்வையை மறைப்பார். ஒருவர் ஒளிக்குண்டு வீசிக் கண்ணைக் கூசச் செய்வார். அந்த ஒரு நொடியில் மூன்றாமவர் உள்ளே புகுவார். புகுந்தவர் வீழ்ந்தால், பின்னால் வருபவர் அந்தக் கணமே பழி தீர்த்தாக வேண்டும்.

இது எங்கள் ஊராருக்கு எளிதில் விளங்கும். இங்குள்ள இரும்பு உருட்டும் ஆலைகளில், உருளைகளுக்கிடையே பாய்ந்துவரும் செந்நிறக் கம்பியை ஒருவர் இடுக்கியால் பற்றி, திருப்பி, அடுத்த உருளைக்குள் செலுத்துவார். அப்பால் நிற்பவர் அதனைப் பிடிப்பார் என்ற நம்பிக்கையில்தான் அவர் கை நீட்டுகிறார்.

துப்பாக்கி விளையாட்டு நல்லதா என்று சிலர் கேட்கலாம். குழந்தைகளுக்கு உரியதன்று என்பதே என் கருத்து. ஆனால் பணத்தை வைத்து இழக்கும் ஆட்டங்களோடு இதனை ஒன்றாகச் சேர்ப்பது சரியன்று. தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்களை அழித்தவை அந்தச் சூதாட்டங்கள். 2022 டிசம்பரில் இந்திய அரசு மின்விளையாட்டை இளைஞர் நலன், விளையாட்டுத் துறை அமைச்சகத்தின் பொறுப்பில் சேர்த்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமும் பணம் வைத்தாடுவதை ஒருபுறமும் மின்விளையாட்டை மறுபுறமும் பிரித்தே வைத்தது.

இனி டேனிய ஐவரிடம் வருவோம். நிக்கொலாய் ரீட்ஸ், பீட்டர் ராஸ்முசென், ஆண்ட்ரியாஸ் ஹோய்ஸ்லெத் ஆகிய மூவரே அந்த அணியின் முதுகெலும்பு. வெவ்வேறு நிறுவனங்களின் கொடியின் கீழ் ஆடி, 2015-இன் இறுதியில் அமெரிக்க நிறுவனம் ஒன்றிலிருந்து விலகியபோது, அவர்கள் அணிக்குப் பெயரே இல்லை. வெறும் கேள்விக்குறி ஒன்றையே பெயராகச் சூடிப் போட்டியிட்டனர்! 2016 ஜனவரியில் ஆட்டக்காரர்களும் பங்குதாரராகச் சேர்ந்து ஆஸ்ட்ராலிஸைத் தொடங்கினர்.

பெயர் கிடைத்தது, வெற்றி கிடைக்கவில்லை. பெரிய மேடையில் ஏறினால் கை நடுங்குகிறவர்கள் என்ற பழி அவர்கள்மேல் நெடுநாள் இருந்தது. அதனைப் போக்க அவர்கள் தேடியது புதிய துப்பாக்கி வீரரை மட்டுமன்று; மியா ஸ்டெல்பெர்க் என்ற பின்லாந்து நாட்டு விளையாட்டு உளவியல் அறிஞரையும் நாடினர். தலைவர் ஃபின் ஆண்டர்செனை நீக்கிவிட்டு, 2016-இன் பிற்பகுதியில் லூகாஸ் ரோஸாண்டரைத் தலைவராக்கினர். 2017 ஜனவரியில் அட்லாண்டா நகரத்துப் பெரும்போட்டியின் இறுதியில் போலந்து அணியை மூன்றாம் ஆட்டத்தில் 16-14 என்ற கணக்கில் வென்றனர். இரண்டு சுற்று வேறுபாடு. கை நடுங்குகிறவர்களுக்கு அது இயலுமா?

2018 பிப்ரவரியில் ஓர் இடி விழுந்தது. அட்லாண்டாவில் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வான மார்கஸ் கியார்பியே திடீரென்று மற்றொரு டேனிய அணிக்குச் சென்றுவிட்டார். அவருக்குப் பதிலாக வந்தவர் எமில் ரைஃப். அந்த மாற்றத்திற்குப் பின்தான் அணியின் பொற்காலம் தொடங்கியது என்பது வியப்பு. 2018-இல் இலண்டன், 2019-இல் போலந்தின் கட்டோவிட்சே, பின் பெர்லின் எனத் தொடர்ந்து மூன்று பெரும்போட்டிகளை அதே ஐவர் வென்றனர். மூன்று இறுதிகளிலும் எதிரணிக்கு ஓர் ஆட்டத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்கு முன் எந்த அணியும் தொடர்ந்து மூன்று பெரும்போட்டிகளை வென்றதில்லை.

இவர்களுள் என் மனம் கவர்ந்தவர் ஹோய்ஸ்லெத். ரீட்ஸ் தொலைவிலிருந்து சுடும் விலையுயர்ந்த துப்பாக்கியை ஏந்தி வியப்பூட்டுவார்; புகழ் அவருக்கு. ஹோய்ஸ்லெத்தோ தம் பணத்தில் பிறருக்கு ஆயுதம் வாங்கிக் கொடுத்து, பிறர் புகுவதற்குக் குண்டு வீசி, தாம் எளிய துப்பாக்கியோடு ஓரத்தில் நிற்பார். நால்வரும் வீழ்ந்தபின் தனித்து நின்று சுற்றை மீட்பதில் அவர் பெயர் பெற்றவர். புள்ளிக்கணக்கை மட்டும் பார்க்கிறவர்க்கு இத்தகையோரின் அருமை தெரிவதில்லை.

இப்போது நம்மவர்களிடம் வருகிறேன். கவுண்டர் ஸ்ட்ரைக் இந்தியாவுக்குப் புதிதன்று. இணைய நிலையங்களில் மணிக்கணக்கில் கூலி கொடுத்து அதனை ஆடி வளர்ந்த ஒரு தலைமுறையே இங்கு உண்டு. ஊதியம் பெற்று ஆடும் நிலைதான் அரிது. அத்தகைய நிலையில் அமெரிக்காவின் ஆப்டிக் கேமிங் நிறுவனம் 2018-இல் இந்தியருக்கென ஓர் அணியை அமைத்தது. உலகறிந்த நிறுவனம் ஒன்றின் பச்சைச் சட்டையை ஐந்து இந்திய இளைஞர் அணிந்தனர். பெற்றோர் முன் நிமிர்ந்து நின்று, "இதுவும் ஒரு வேலைதான்" என்று சொல்லும் நாள் வந்தது.

அவ்வணி ஆசியப் போட்டிக்காக ஷாங்காய் சென்றது. வியட்நாம் அணியோடு ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில், நடுவர்கள் இந்திய ஆட்டக்காரர் ஒருவரின் கணிப்பொறியைச் சோதிக்க வந்தனர். அவர் பதறிக் கோப்பு ஒன்றை மறைக்க முயன்றார். "வேர்டு" என்று, கடிதம் எழுதும் மென்பொருளின் பெயரைச் சூட்டி வைத்திருந்த அந்தக் கோப்பு, எதிரியின்மேல் குறியைத் தானே செலுத்தும் திருட்டு நிரல். அதன் படக்காட்சி உலகெங்கும் பரவியது, பலர் சிரித்தனர். அவர் முன்னரே ஒரு முறை தடைக்கு உள்ளாகி மீண்டவர் என்பதும் பேசப்பட்டது. அந்த இளைஞரின் பெயரை இங்கே நான் சொல்லவில்லை. சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

அணி போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. நிறுவனம் அவரை விலக்கியதோடு நில்லாது இந்திய அணியையே கலைத்துவிட்டது. ஒருவர் செய்த பிழைக்கு மற்ற நால்வரும் வேலை இழந்தனர். அந்நிறுவனத்தின் முடிவு கடுமையானது என்றே நான் எண்ணுகிறேன். நால்வரை வைத்துக்கொண்டு ஐந்தாமவரைத் தேடியிருக்கலாம். டேனியர் பிப்ரவரியில் அதைத்தானே செய்தனர்? ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கியார்பியே போனபோது ஓர் ஆட்டக்காரரை மட்டும் கொண்டு போனார். ஷாங்காயில் போனது, இந்தியரின் எந்த நல்ல சுடுதலையும் ஐயமின்றிப் பார்க்கும் கண். அதற்குப் பின் வந்த இந்திய ஆட்டக்காரர் எவர் சிறப்பாகச் சுட்டாலும், அந்தக் கோப்பின் பெயரைச் சொல்லி ஏளனம் செய்வது நெடுங்காலம் நின்றது.

டேனிய ஐவரும் என்றும் சேர்ந்திருக்கவில்லை. 2019 டிசம்பரில் அந்நிறுவனத்தின் பங்குகள் கோபன்ஹேகன் பங்குச் சந்தைக்கு வந்தன. ஓயாத பயணமும் போட்டியும் ஆட்டக்காரரை வாட்டின. 2020 மே மாதத்தில் தலைவர் ரோஸாண்டர் மனச் சோர்வால் ஓய்வு கேட்டு ஒதுங்கினார்; சில நாளில் ஹோய்ஸ்லெத்தும் ஒதுங்கினார். அவர்கள் அதனை வெளிப்படையாகச் சொன்னது துணிவுதான். இரவு ஷிப்டில் கண் எரிய நிற்கும் நம் தொழிலாளர், "சோர்ந்துவிட்டேன், ஓய்வு வேண்டும்" என்று வாய் திறந்து சொல்வது எத்தனை அரிது! 2021 ஏப்ரலில் ரீட்ஸ் சுவீடன் அணிக்குச் சென்றார். அவ்வாண்டு இறுதியோடு ராஸ்முசென், ரைஃப், பயிற்சியாளர் டேனி சோரென்சென் மூவரும் பிரிந்து பிரெஞ்சு அணி ஒன்றில் சேர்ந்தனர்.

பிரிந்தவர்கள் வீழ்ந்துவிடவில்லை. 2016-இல் நீக்கப்பட்ட ஆண்டர்சென், வேறோர் அணிக்குத் தலைமை தாங்கி 2022-இல் ஆண்ட்வெர்ப் பெரும்போட்டியை வென்றார். 2023 மே மாதத்தில் பாரிஸ் நகரில் பிரெஞ்சு அணி வென்றபோது, ஐந்து பெரும்போட்டிகளை வென்ற முதல் ஆட்டக்காரரானார் ராஸ்முசென்.

ஷாங்காயில் பிடிபட்ட இளைஞருக்கு, மின்விளையாட்டு நேர்மை ஆணையம் விதித்த தடை ஐந்தாண்டு. அது 2023 அக்டோபரில் முடிந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் அந்த விளையாட்டின் பழைய வடிவம் நீங்கிப் புதிய வடிவம் வந்துவிட்டது. பதினாறு சுற்று என்றிருந்த வெற்றிக் கணக்கும் பதின்மூன்றாகிவிட்டது.