பெரியப்பாவின் ஒமேகா

(சங்கக் கிளையின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பழைய உயர்ரக வாட்ச் அசலா, போலியா என்று பார்ப்பது எப்படி என்பதைப் பற்றிப் பேசும்படி நம் காரியதரிசி பணித்தார். முப்பது வருஷமாக வாட்சுகளைப் பிரித்துப் பூட்டுவது என் பொழுதுபோக்கு. இருந்தாலும் நான் தப்பாகத் தீர்ப்புச் சொன்ன ஒரு சம்பவத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் பெரியப்பா 1964-ல் ஏடனிலிருந்து ஒமேகா கான்ஸ்டலேஷன் ஒன்று வாங்கி வந்தார். அவர் காலமான பிறகு அது இளைய பிள்ளையிடம் இருந்தது. ஒரு சமயம் மூத்தவர் அதைக் கடையில் காட்ட, "டூப்ளிகேட்" என்று சொல்லிவிட்டார்கள். அசலை விற்றுவிட்டுத் தம்பி போலியை வைத்துவிட்டானோ என்று சந்தேகம் வந்தது. என்னிடம் கொண்டு வந்தார்கள். டயலை லென்ஸில் பார்த்தேன். எழுத்துக்கள் தடித்திருந்தன. நிமிஷக் கோடுகள் சீராக இல்லை. "அசல் இல்லை" என்று சொல்லிவிட்டேன். பின்மூடியைத் திறக்கவேயில்லை.

அந்த ஒரு வார்த்தையால் அண்ணன் தம்பி இருவரும் ஒன்றரை வருஷம் பேசிக்கொள்ளவில்லை. பெரியப்பாவின் சிராத்தத்தைக்கூடத் தனித்தனியாகச் செய்தார்கள்.

மனசு உறுத்தவே, வாட்சைத் திரும்பக் கேட்டு வாங்கித் திறந்தேன். உள்ளே செம்பு நிறத்தில் மெஷின். ஒமேகா பெயர், 561 என்ற எண், 24 கற்கள் என்ற குறிப்பு எல்லாம் தெளிவாகப் பொறித்திருந்தன. பெரியம்மா பீரோவிலிருந்து பழைய கியாரண்டி கார்டைத் தேடி எடுத்தார். அதிலிருந்த வரிசை எண்ணும் மெஷினில் இருந்த எண்ணும் ஒன்றே! பின்மூடியின் உட்புறம் ரிப்பேர்காரர் ஊசியால் கீறிய குறி: 7-83. அதைச் சொன்னதும் பெரியம்மா, "ஏண்டா, மழையில நனைஞ்சு டயல் கறுத்துப் போச்சுன்னு உங்க பெரியப்பாதானே புதுசா எழுதப் போட்டார்!" என்றார். அண்ணா அன்றைக்கே தம்பி வீட்டுக்குப் போனார்.

நான் கற்ற பாடம் இதுதான். அசல், போலி என்று இரண்டு மட்டும் இல்லை. அசல் வாட்சில் ஏதோ ஒரு பாகம் மாறியது என்று மூன்றாவதும் உண்டு. நம் தேசத்துப் பழைய வாட்சுகளில் இதுவே அதிகம். பம்பாயில் டயல் புதிதாக எழுதிய வாட்சுகளுக்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடையே தனிப்பெயரே உண்டு.

ஆகவே டயலோடு நிற்காதீர்கள். நொடி முள் வழுக்கிக்கொண்டு ஓடினால் அசல் என்பார்கள். ஆட்டோமாட்டிக் மெஷின் வைத்த போலியிலும் அப்படித்தான் ஓடும். கான்ஸ்டலேஷனின் பின்மூடியில் வானாய்வுக் கூடமும் எட்டு நட்சத்திரங்களும் இருக்கும். அச்சு கூர்மையாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் பாலிஷ் போட்டுத் தேய்ந்ததையும் போலி என்று எண்ணிவிடக் கூடாது. பழைய ஒமேகா பிளாஸ்டிக் கண்ணாடியின் நடுவில் நுண்ணிய கம்பெனிச் சின்னம் இருக்கும். கண்ணாடி மாற்றியிருந்தால் அது இல்லாமலும் போகும். கடைசியில் மெஷின், அதன் எண், மூடியின் உட்புறக் குறிகள், காகிதங்கள் எல்லாம் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்பதே கேள்வி. பழையது வாங்குகிறவர்கள் மெஷினைக் காட்டாத வியாபாரியிடம் பணம் கொடுக்க வேண்டாம்.

இதில் பெரியவர்களும் சறுக்குவதுண்டு. 2021 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் 1957-ஆம் வருஷத்து ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போயிற்று. வாங்கியது ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகமே. அது பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டியது என்று 2023-ல் அந்தக் கம்பெனியே சொல்லும்படி ஆயிற்று.

வீட்டில் பெரியவர்களின் வாட்ச் இருந்தால் டயலை எழுதப் போடாதீர்கள், பாலிஷ் போடாதீர்கள், பழைய ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். எப்போது, எங்கே வாங்கியது, என்ன ரிப்பேர் ஆயிற்று என்று அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். பெரியம்மாவை அன்றே கேட்டிருந்தால் எனக்கு லென்ஸே வேண்டியிருக்காது.