சிற்றாறு சென்று சேரும் கடல்
(தென்காசிப் பொழிவின் வரிவடிவம்)



குற்றாலத்து அருவியில் தலை நனைப்போர் அந்நீர் எங்குச் செல்கின்றது என்று எண்ணுவதில்லை. அது சிற்றாறாகித் தென்காசியைக் கடந்து, சீவலப்பேரியருகே பொருநையிற் கலந்து, திருவைகுண்டத்து அணையைத் தாண்டிப் புன்னைக்காயலில் மன்னார்க் கடலை அடைகின்றது. 2019 நவம்பர் 22ஆம் நாள் தென்காசி தனிமாவட்டமான ஞான்று, நிலப்படத்தில் அதற்குக் கடற்கரை இல்லாதொழிந்தது. படத்திற் கோடு கிழித்ததனால் ஆறு திரும்பிப் பாயாதன்றோ! ஆகலின் மலையடியில் வாழ்வாரும் கேட்கற்பாலது கடலின் செய்தி.

கொற்கை முத்து விளைந்த கடல் அது. தூத்துக்குடி முதல் பாம்பன் வரை 21 தீவுகள். அவற்றைச் சூழப் பவளப்பார்கள், கடற்புல் வெளிகள், ஆவுளியா என மீனவர் வழங்கும் கடற்பசு. 1986இல் அத்தீவுகளையும் அடுத்த கடலையும் அரசு கடற்பூங்காவாக்கிற்று. 1989இல் 10,500 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. ஆயினும், சுண்ணாம்பிற்கும் கட்டடத்திற்குமாகப் பவளக்கல்லைப் பல்லாண்டு வெட்டியெடுத்ததன் வடு மறையவில்லை. பூவரசன்பட்டி, விலங்குச்சள்ளி என்னும் இரு தீவுகள் கடலுள் மூழ்கிப்போயின. வெட்டிச் சுமந்தவன் ஏழை மீனவன். வாங்கி எரித்துப் பொருளீட்டியவன் வேறொருவன். பழி மட்டும் முன்னவன்மேல் நின்றது.

இழுவைமடியின் கதையும் அத்தகையதே. மீன்வளத்தைப் பெருக்குவதாகச் சொல்லி அரசே ஊக்கிப் புகுத்தியது அம்மடி. கடலடியை வாரி, குஞ்சும் முட்டையும் கடற்புல்லும் ஒருங்கே அள்ளியது. கட்டுமரத்தாருக்கும் விசைப்படகாருக்கும் பூசல் மூண்டு உயிர்களும் மாய்ந்தபின், 1983இல் தமிழ்நாட்டுக் கடல்மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல்மைல் சிறுதொழிலாளர்க்கு என்பது அதன் நெறி. ஏட்டில் அந்நெறி செவ்வையாக உள்ளது. ஆனால் இரவில் 3 கடல்மைலுக்குள் மடியிழுப்பவனைத் தடுக்கப் போதிய படகும் ஆளும் எங்கே? பாக்கு நீரிணையிலோ, வாரத்தில் மூன்று நாள் விசைப்படகிற்கு, நான்கு நாள் நாட்டுப்படகிற்கு என நாள்களைப் பகுத்துக்கொண்ட முறை பூசலைத் தணித்தது. தொழில்செய்வோர் இருசாராரும் உடன்பட்ட முறையாதலின் அது நிலைத்தது என்க.

ஊரார் தாமே வகுத்த காப்புக்கு இன்னும் சிறந்த சான்று பாம்பன் பக்கத்துப் பெண்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி ஆகியவற்றை மூழ்கிப் பறித்து விற்பது அவர்தம் தலைமுறைத் தொழில். பூங்கா அமைந்தபின் தீவுப்பக்கம் செல்வதே குற்றமாயிற்று. அவர்கள் வெறுமனே முறையிட்டுக்கொண்டிருக்கவில்லை. கூடிப் பேசித் தமக்குத்தாமே வரம்பு கட்டினர்: திங்களுக்குப் பன்னிரு நாள் மட்டுமே பறிப்பது, பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவியைக் கைவிடுவது, விரலில் துணிசுற்றிக் கையாலேயே பறித்து, பாசி மீண்டும் தளிர்க்க வேரை விட்டுவைப்பது. அதன்பின்னரே அலுவலரோடு பேசினர். அவர்களுள் முன்னின்ற சின்னப்பாலத்து இலக்குமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்க அமைப்பான சீகாலசி தன் பரிசை வழங்கியது. இதனோடு மற்றொன்றை ஒப்பிடுக. அதே கடலில் வணிகத்திற்கென வளர்க்கப்பட்ட கப்பாபைக்கசு என்னும் அயற்பாசி, குருசடைத் தீவருகே உயிருள்ள பவளத்தின்மேற் படர்ந்து அதனை மூடியதை அறிவியலாளர் 2008இல் எழுதினர். கற்றோர் வகுத்த திட்டம் பாறையை மூடியது. எழுதப் படிக்க வாய்ப்பற்ற பெண்டிர் வகுத்த திட்டம் பாசியைத் தளிர்க்க விட்டது. இவ்வேறுபாட்டைக் காணாது, காப்பு என்பது கற்றோர்க்கே உரிய கலை எனப் பேசுவோர் இன்றும் உளர்.

இவ்வழக்கம் ஈண்டுப் புதியதுமன்று. பழவேற்காட்டு ஏரியில் இன்னார் இன்ன இடத்தில் இன்ன நாளில் வலைவிடுக என முறைவைக்கும் ‘பாடு’ நெடுங்காலமாக வழங்கிவருவது. பிலிப்பைன் நாட்டு ஆப்போத் தீவில் 1982 முதல் ஊரார் தம் பவளப்பாரின் ஒரு சிறுபகுதியை மீன்பிடிக்காது விட்டுவைத்தனர். சூழ்ந்த கடலில் மீன் பெருகிற்று.

இனி, படத்தின் செய்தி. 2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, மீனவர் ஊர்களையும் அவர்தம் பொதுவிடங்களையும் படத்திற் குறிக்க வேண்டும் என்றது. வலையுலர்த்தும் மணலும் படகேற்றும் துறையும் அதன்பாற்படும். குறிக்கப்படாத இடம் நாளை வெற்றிடம் எனப்பட்டு வேறொருவன் கைக்குப் போகும். அப்படத்தை ஆங்கிலத்தில் எழுதி விரித்து, ‘மறுப்புண்டா?’ என்று மீனவனைக் கேட்பது எவ்வகை நயன்மை? அவனுக்குக் காற்று நான்கு: வாடை, கொண்டல், சோழகம், கச்சான். நீரோட்டம் வாநீவாடு, சோநீவாடு. முத்துப்பார்க்குத் தொல்லாயிரம்பார் என்று பெயர். இச்சொற்கள் ஒவ்வொன்றும் எந்நாளில் எவ்விடத்தில் எம்மீன் வரும் என்னும் கணக்கைச் சுமந்திருப்பவை. இவை ஏறாத திட்டத்தில் கடலைப்பற்றிய அறிவில் பெரும்பகுதி ஏறவில்லை என்றே பொருள். ஆகவே படமும் நெறியும் முதற்கண் தமிழில், மீனவர் சொல்லால், ஊர் மன்றத்தில் எழுதப்பெறல் வேண்டும். ஆங்கிலப்படி பின்னர் வரட்டும்.

அவ்வறிவிக்கையின் கை, திறந்த கரையில் உயர்நீர்க் கோட்டிலிருந்து 500 மீட்டர் மட்டுமே நீளும். குற்றாலத்தை அது தொடாது. ஆனால் அருவியிற் கரையும் எண்ணெயும் சவர்க்காரமும், தென்காசிச் சாக்கடையும், வயலினின்று வடியும் நஞ்சும் அக்கோட்டை அறியா. வழிநெடுக வயலும் ஊரும் தொழிற்சாலையும் எடுத்தது போக, கோடையில் முகத்துவாரத்தை அடையும் நன்னீர் சொற்பம். உவரும் நன்னீரும் கலக்கும் கழியில்தான் இறாற்குஞ்சு வளரும். நன்னீர் குன்றின் அதுவும் குன்றும். அருவிக்கரை வணிகர், சிற்றாற்று உழவர், புன்னைக்காயல் மீனவர் ஆகியோரை ஒருங்கே அமர்த்திய மன்றம் ஒன்று வேண்டும். ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. தொழிலாளர் கரையில் இருப்பர். குற்றாலத்துச் சாரலும் அதனையடுத்தே தொடங்கும். அந்நாள்களில் தென்காசியார் கடற்கரைக்கு ஒருமுறை, கடற்கரையார் தென்காசிக்கு ஒருமுறை எனக் கூடின், அவ்வாண்டு அருவிநீரோடு கீழே போகலாகாதவை எவை என்பதை இருமுனையாரும் ஒரே பந்தரில் அமர்ந்து எழுதிக்கொள்ளலாம்.