தாய்மார் படிக்க வேண்டிய முதலீட்டு நூல்கள்

(நவராத்திரி விழாவில், மாதர் கூட்டத்தின்போது ஆசிரியை ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று என்னைப் பேச அழைத்த சங்கத்தார், “பெண்களுக்குப் பயன்படும் நூல்கள்” என்று பொதுவாகத் தலைப்புக் கொடுத்தார்கள். சமையல் நூலைப் பற்றியோ, கதைப் புத்தகத்தைப் பற்றியோ பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் பேச எடுத்துக்கொண்டதோ, பணத்தைப் பெருக்குவது எப்படி என்று சொல்லும் நூல்கள். “விடிய நாலு மணிக்கு எழும்பி, ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பிரட்டுக்கு ஓடி, மாலையில் கொழுந்து நிறுத்து வீடு திரும்புகிறவளுக்குப் புத்தகம் எதற்கு? முதலீடு எதற்கு?” என்று சிலர் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. அந்தக் கேள்விக்கு என் வீட்டுக் கதையாலேயே விடை சொல்கிறேன்.

என் தாயார் கொழுந்து பறித்தவர். எழுத்தறியாதவர். எங்கள் காம்பராவில் சாமிப் படத்துக்குப் பின்னால் ஒரு காகிதம் செருகி இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் படத்துக்குச் சந்தனம் வைக்கும்போது அந்தக் காகிதத்துக்கும் ஒரு பொட்டு வைப்பார். அது என்னவென்று கேட்டால், “கொம்பனி கொடுத்த காகிதம், பத்திரமாக இருக்கட்டும்” என்பார். நான் வெளியூரில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், அந்தக் காகிதங்களை விலைக்கு வாங்கிக்கொண்டு ஒருவர் லயம் லயமாக வந்திருக்கிறார். பொங்கல் செலவு நெருங்கிய நேரம். அம்மா கைநாட்டு வைத்துக் கொடுத்துவிட்டார். கிடைத்தது ஒரு சேலைக் காசு.

அது பங்குப் பத்திரம் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். 1970களில் அரசுடைமையான தோட்டங்களின் நிர்வாகம் 1992-இல் கொம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன்பின் அக்கொம்பனிகளின் பங்குகள் விற்கப்பட்டபோது, நூற்றுக்குப் பத்துப் பங்குகள் தொழிலாளருக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாகத் தேயிலைத் தூரில் தேய்ந்த கைகளுக்கு, அந்தத் தோட்டத்தை நடத்தும் கொம்பனியில் ஒரு துளி உரிமை வந்தது. வந்ததை அறியாமலே அது போயிற்று.

அம்மா ஏமாந்தார் என்று நான் சொல்லவில்லை. தேயிலைக் கொம்பனிகளின் பங்கு ஏறியதும் உண்டு, இறங்கியதும் உண்டு. வாங்கியவரே நட்டப்பட்டிருக்கவும் கூடும். என்னை வருத்துவது விலையல்ல. தான் விற்றது இன்னதென்று அறியாமல் அவர் விற்றார் என்பதுதான். சந்தனப் பொட்டு வைக்கத் தெரிந்த கைக்கு, அந்தக் காகிதத்தை வாசித்துச் சொல்ல ஒரு பிள்ளை பக்கத்தில் இல்லாமற் போயிற்றே என்பதுதான்.

நம் மக்களுக்கும் கணக்குக்கும் உள்ள உறவு பழையது, கசப்பானது. அந்த நாளில் தொழிலாளியின் கடன் ஒரு “துண்டில்” எழுதப்பட்டது. அந்தக் கடனை யார் தீர்க்கிறாரோ அவருடைய தோட்டத்துக்கு ஆள் போக வேண்டும். 1921-இல் சட்டத்தால் துண்டு முறை ஒழிந்தது. ஆகவே நம் முன்னோரைப் பற்றி எழுதப்பட்ட முதற் கணக்கு வரவுக் கணக்கல்ல, கடன் கணக்கு. அதுவும் அவர்களால் வாசிக்க முடியாத கணக்கு.

இதைத் திருப்ப வந்தவர் யார் என்று பாருங்கள். மலையகத் தொழிற்சங்கத்தின் முன்னோடியான கோ. நடேசய்யர், தஞ்சாவூரில் வர்த்தகம் கற்பித்த ஆசிரியர்; “வர்த்தக மித்திரன்” என்ற பத்திரிகை நடத்தியவர். அவரே 1931-இல் அட்டனில் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவர் துணைவியார் மீனாட்சியம்மாள், தோட்டம் தோட்டமாகப் பாட்டுப் பாடி மக்களுக்கு விஷயத்தை விளக்கினார். கணக்குத் தெரிந்த ஒரு மனிதரும், அதை எளிய மொழியில் சொல்லத் தெரிந்த ஒரு பெண்மணியும்! இன்று நமக்கு வேண்டியதும் இதுவே.

இனி நூல்களுக்கு வருகிறேன்.

முதலில், ஜார்ஜ் கிளேசன் என்ற அமெரிக்கர் 1926-இல் வெளியிட்ட “பாபிலோனின் மிகப் பெரிய பணக்காரன்”. தமிழிலும் கிடைக்கிறது. பழைய பாபிலோன் நகரத்துக் கதைகளாக எழுதப்பட்டிருப்பதால், ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டுக்கொண்டிருக்க ஏற்றது. சம்பாதிப்பதில் பத்தில் ஒன்றை முதலில் எடுத்து வை என்பதே அதன் சாரம். “பத்தில் ஒன்றா? எங்களுக்குப் பத்தும் பத்தவில்லையே!” என்பீர்கள். நியாயம். தீபாவளி முற்பணம் பிடித்து, கடைக் கணக்குக் கழித்து, கையில் வருவதில் பத்தில் ஒன்று எல்லாருக்கும் இயலாது. நூறில் ஒன்றானாலும் முதலில் எடுத்து வைக்கும் பழக்கத்தை அந்நூலிலிருந்து கற்றுக்கொள்ளலாம். மிஞ்சியதைச் சேமிப்போம் என்று இருந்தால் எந்த மாதமும் மிஞ்சாது.

இரண்டாவது, ராபர்ட் கியோசாகி 1997-இல் வெளியிட்ட “பணக்காரத் தந்தை ஏழைத் தந்தை”. நம் பையன்கள் பலர் இதை வைத்திருக்கிறார்கள். சட்டைப் பைக்குள் பணம் கொண்டுவருவது சொத்து, பையிலிருந்து பணத்தை வெளியே எடுப்பது சுமை என்ற ஒரு பாடத்துக்காக இதைப் படிக்கலாம். தவணைக்கு வாங்கிய முச்சக்கரவண்டி சவாரி ஓடினால் சொத்து. லயத்து வாசலில் நின்றால் சுமை. ஆனால் அந்நூல் கடன் வாங்கிப் பணம் பெருக்குவதை மிகவும் புகழ்கிறது. அந்தப் பகுதியை நம் தாய்மார் தள்ளிவிட வேண்டும். அமெரிக்கச் செல்வந்தனுக்குக் கிடைக்கும் வட்டி வேறு. நம் வாசலுக்கு வந்து வாராவாரம் வசூலிக்கும் வட்டி வேறு.

மூன்றாவது, தமிழ்நாட்டைச் சேர்ந்த சோம. வள்ளியப்பன் அவர்களின் “அள்ள அள்ளப் பணம்”. பங்கு என்றால் என்ன, அதன் விலை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்பதை நல்ல தமிழில் படிப்படியாகச் சொல்லும் நூல் வரிசை. என் தாயார் காலத்தில் இதை வாசித்துச் சொல்ல ஆள் இருந்திருந்தால், அந்தக் காகிதத்தின் கதை வேறாகியிருக்கும். எனினும் ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டு நூல்கள் சொல்வது இந்தியச் சந்தை, இந்தியச் சட்டம், இந்திய வரி. நம் சந்தை கொழும்பில். நம் சட்டம் வேறு. மொழி நம்முடையது என்பதற்காகக் கணக்கும் நம்முடையது என்று எண்ணிவிடக் கூடாது.

கல்லூரிக்குச் செல்லும் தம்பி தங்கையர், பெஞ்சமின் கிரகாம் 1949-இல் எழுதிய நூலை ஆங்கிலத்தில் முயன்று பார்க்கலாம். தாய்மாருக்கு அது வேண்டாம், கனம் அதிகம்.

நான்காவது நூல் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. சாதாரண தரத்தில் படிக்கும் உங்கள் மகளின் பையில், வணிகமும் கணக்கீடும் கற்பிக்கும் பாடநூல் இருந்தால் எடுத்துப் பாருங்கள். 1980 முதல் அரசாங்கம் பாடநூல்களை இலவசமாகக் கொடுத்து வருகிறது. வரவு, செலவு, வட்டி, வங்கி, காப்புறுதி எல்லாம் நம் நாட்டு முறைப்படி, நம் தமிழில் அதில் உள்ளன. மகள் சத்தமாக வாசிக்கட்டும். அடுப்படியில் நின்றே கேளுங்கள். அவளுக்குப் பாடம், உங்களுக்கு ஞானம்.

ஐந்தாவது நூல்தான் எல்லாவற்றிலும் பெரியது. விலையில்லாதது, மிக மெல்லியது, நீங்களே எழுதியது. அது உங்கள் சேமலாப நிதிக் கணக்கு.

ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958-இல் வந்தது. உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8, தோட்டத்தின் பங்கு நூற்றுக்கு 12. மாதம் 20,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பங்கு 1,600, தோட்டத்தின் பங்கு 2,400, ஆக 4,000. ஆண்டுக்கு 48,000. வட்டியே சேர்க்காமல் முப்பது ஆண்டுக்கு 14 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்! இது தவிர, 1980-இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் நூற்றுக்கு 3 செலுத்த வேண்டும். “எனக்கேது முதலீடு?” என்று கேட்கும் தாய் ஒவ்வொருத்தியும் பெயர் போடும் ஒவ்வொரு நாளும் முதலீடு செய்துகொண்டே இருக்கிறாள். ஆனால் தன் புத்தகத்தை அவள் திறந்து பார்ப்பதில்லை.

திறந்து மூன்று விஷயங்களைப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் நிதிக் கணக்கிலும் உங்கள் பெயர் ஒரே எழுத்தாக இருக்கிறதா? ஓரிடத்தில் ஓர் எழுத்து மாறினாலும், ஐம்பது வயதில் பணம் எடுக்கப் போகும்போது அலைச்சல் உங்களுக்குத்தான். மாதாமாதம் பணம் வரவாகியிருக்கிறதா? உங்களுக்கு ஏதும் நேர்ந்தால் பணம் யாருக்கு என்று பெயர் கொடுத்திருக்கிறீர்களா?

இளம்பெண்களுக்கு ஒரு வார்த்தை. கல்யாணத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு, நிதிப் பணத்தை எடுத்துவிடும் வழக்கம் இருக்கிறது. சட்டம் அதற்கு இடம் தருகிறது. எடுக்குமுன் ஒரு சிறு கணக்குப் போடுங்கள். 72-ஐ வட்டி வீதத்தால் வகுத்தால், பணம் எத்தனை ஆண்டில் இரட்டிக்கும் என்று தெரியும். வட்டி 9 என்றால் எட்டு ஆண்டு. இருபத்து நாலு வயதில் எடுக்காமல் விட்ட ஒரு லட்சம், அந்த வீதத்தில் ஐம்பது வயதில் எட்டு லட்சத்தைத் தாண்டும். பந்தலுக்கும் பலகாரத்துக்கும் போவது அந்த எட்டு லட்சம் என்று அறிந்து செலவிடுங்கள்.

ஆனால் சேமித்தால் மட்டும் போதும் என்று சொல்வதும் பொய்யாகும். 2022-ஆம் ஆண்டை யார் மறப்பார்? அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்புச் சுட்டெண்படி விலைவாசி ஓராண்டில் நூற்றுக்கு எழுபது அளவு ஏறியது. சேமலாப நிதிக்கு அவ்வாண்டு கிடைத்த வட்டி நூற்றுக்கு 9. பணம் கணக்கில் கூடியது. அதன் வலிமை குறைந்தது. இதைத் தாங்கத்தான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடாதே என்று நூல்கள் சொல்கின்றன. கொஞ்சம் வங்கியில், கொஞ்சம் பொன்னில், ஒரு பசுவில், ஒரு மரக்கறிப் பாத்தியில், பிள்ளையின் படிப்பில் என்று நம் பாட்டிமார் பிரித்து வைத்ததும் இதே ஞானம்தான்.

எந்த ஒழுங்கில் செய்வது? முதலில் கடன். நூற்றுக்கு மாதம் பத்து வட்டி என்றால் ஆண்டுக்கு நூற்றிருபது. அவ்வளவு லாபம் தரும் வங்கியும் இல்லை, பங்கும் இல்லை. ஆகையால் அந்தக் கடனை அடைப்பதே முதல் முதலீடு. இரண்டாவது, அவசரத்துக்கென்று ஒரு மாதச் செலவு. அதை வங்கியில் வையுங்கள். தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புக்கு அரசாங்கம் முழுப் பொறுப்பு. மற்ற அனுமதி பெற்ற வங்கிகளில், வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு வங்கியில் 11 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஐந்தாண்டுக்குத் தேவைப்படாத பணம் கையில் இருந்தால் மட்டுமே பங்கு, மற்றவை.

“நாலு பேரைச் சேர்த்து விடுங்கள், மாதம் இரட்டிப்பாகும்” என்று வருகிறவரை வாசலிலேயே நிறுத்துங்கள். அந்தப் பிரமிட் வியாபாரம் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி குற்றம். வருகிறவர் சொந்தக்காரராக இருந்தாலும் குற்றம் குற்றமே.

வாலிப நண்பர்களே, கடைசியாக உங்களுக்கு ஒரு வேண்டுகோள். நமக்கு ஏற்ற முழுமையான நூல் இன்னும் நம் அலமாரியில் இல்லை. அதை நீங்கள் எழுதுங்கள். முப்பத்திரண்டு பக்கம் போதும். சம்பளச் சீட்டை வாசிப்பது எப்படி, நிதிக் கணக்கைப் பார்ப்பது எப்படி, கடன் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் கேட்க வேண்டியவை எவை என்று பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். அதுவரை, ஞாயிறுதோறும் அரைமணி நேரம் நம் வாசிகசாலையில் ஒருவர் வாசிக்கட்டும், தாய்மார் கேட்கட்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இரண்டு பையன்களையும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் எந்தத் தாயும் வர மாட்டாள்.

வள்ளுவர் பொருளைத் தள்ளவில்லை. பொருள் செயல்வகை என்று ஓர் அதிகாரமே வைத்தார். நவராத்திரியிலும் நடு மூன்று நாள் திருமகளுக்கு, கடை மூன்று நாள் கலைமகளுக்கு. செல்வத்தை அடுத்து அறிவு வராவிட்டால் செல்வம் தங்காது என்றே நான் அதைப் பொருள்கொள்கிறேன்.

நாளை சரஸ்வதி பூசை. பிள்ளைகளின் புத்தகங்களோடு உங்கள் வங்கிப் புத்தகத்தையும் நிதிக் காகிதத்தையும் பூசையில் வையுங்கள். சந்தனப் பொட்டும் வையுங்கள். விஜயதசமியன்று அவற்றைத் திரும்ப உள்ளே கட்டி வைக்காதீர்கள். பிள்ளையை அருகில் இருத்தி, ஒரு வரி விடாமல் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.