ஒன்றெனத் தோன்றும் இரு விண்மீன்கள்

(வெள்ளி விழாவில் நிகழ்த்திய உரை)



கதிரவனைப் போன்ற விண்மீன் முதுமையுற்றால் ஊதிப் பெருத்துத் தன் மேலுறையை விண்ணில் களைந்துவிடுகிறது. எஞ்சும் வெப்பமிக்க உட்கரு அவ்வாயுவை ஒளிரச் செய்கிறது. சிறு தொலைநோக்கியில் கோள்போல் வட்டமாகத் தெரிந்தமையால், 1780களில் வில்லியம் ஹெர்ஷல் இவற்றைக் கோள்வடிவ நெபுலாக்கள் என்றார். உண்மையில் கோளுக்கும் இவற்றிற்கும் தொடர்பில்லை.

தனித்த விண்மீனின் உறை உருண்டையாக அன்றோ விரிதல் வேண்டும்? பெரும்பாலானவை அவ்வாறில்லை. வண்ணத்துப்பூச்சி, வளையம், இடை சிறுத்த உடுக்கை எனப் பல வடிவங்கள் கொண்டுள்ளன. இவற்றுள் பலவற்றை வடித்தது மறைந்திருக்கும் துணை விண்மீனே. ஊதிய விண்மீன் துணையை விழுங்குகிறது. துணை உள்ளேயே சுழன்று நெருங்கி, அச்சுழற்சியின் ஆற்றலால் உறையை வெளியே தள்ளுகிறது.

அத்துணை மிக மங்கலானது. மிக நெருங்கியும் நிற்பது. ஆதலால் நேரே காண இயலாது. ஒளியின் அளவை இரவுதோறும் குறித்து வருதலே வழி. துணை குறுக்கிடும்போது ஒளி மங்கும். வெம்மையால் ஒளிரும் அதன் ஒருபுறம் நம்மை நோக்குகையில் ஒளி மிகும். நிறமாலைக் கோடுகள் இருபுறமும் அசைவதும் சான்றாகும். ஏபல் 63 நெபுலாவின் நடுமீன் ஏறத்தாழ 11 மணிக்கொருமுறை மறைக்கப்படும் இரட்டை மீன் என்று 1976இல் ஹோவர்ட் பாண்ட் கண்டறிந்தார். நடுமீன்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு இத்தகைய நெருங்கிய துணை உண்டென்பது பின்னர் நிகழ்ந்த தேடல்களின் முடிவு.

ஓரிரவு மட்டும் பார்த்தவனுக்கு அது தனி மீனே. பல இரவுகள் கணக்கெழுதியவனுக்கே உண்மை புலப்பட்டது.

இளைஞர்களே, இத்தகைய கணக்கெழுதும் இடம் நம் தமிழகத்திலேயே உள்ளது. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் தொடங்கிற்று. 1986இல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டது.

வானம் சாதி கேட்பதில்லை; தொலைநோக்கியிடம் செல்லும் வாயில்கள் கேட்டதுண்டு. 1893இல் எளிய குடும்பத்தில் பிறந்த மேகநாத் சாகாவுடன் அமர்ந்து உண்ணக் கல்கத்தா விடுதியில் சிலர் மறுத்தனர். அவரே 1920இல் அயனியாக்கச் சமன்பாட்டை அளித்தார். நம் விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் தழலின் நிறங்கண்டு வெப்பமறிவார்கள். அதுபோல, நிறமாலைக் கோடுகளைக் கண்டு விண்மீனின் வெப்பமறிய அச்சமன்பாடு வழிசெய்தது.

உறுப்பினர்களே! ஒரு தேர்வின் மதிப்பெண் ஓரிரவின் பார்வை போன்றது. அதைக் கொண்டு நம் பிள்ளைக்குக் கணிதம் வராதெனத் தீர்ப்பளித்து, படிப்பை நிறுத்தாதீர்கள். நல்லூரில் கணிதமும் இயற்பியலும் பயில விழையும் ஒவ்வொருவரையும் பட்டம் வரை தாங்குவதே இக்கழகத்தின் அடுத்த கடமையாகட்டும்.