ரேஷன் பிச்சையல்ல, நம்ம நெல்!



"ஏழைக்கு மட்டும் ரேஷன் கொடு, மிச்சப் பணத்தில் தொழிலை வளர்"னு டீக்கடையில் நம்ம ஆளுங்களே பேசுறாங்க. கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனால் யார் ஏழைன்னு கோடு போடுவது யார்?

1997-ல் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்கு மேலே, கீழே என்று கார்டுகளைப் பிரித்தது. பல மாநிலங்களில் உண்மையான ஏழைகளே பட்டியலில் விடுபட்டார்கள். தமிழ்நாடு எல்லோருக்கும் ரேஷன் என்ற வழியில் நின்றது.

2016-ல் மழை பொய்த்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி என்று அரசே அறிவித்தது. எனக்கு மூணு ஏக்கர் பட்டா. காகிதத்தில் நிலக்காரன், வீட்டுக் குதிரில் நெல்லில்லை. ரேஷன் அரிசிதான் உலை ஏற்றியது. கோடு போட்டிருந்தால் என் பெயர் இருந்திருக்குமா?

இன்னொன்றும் யோசியுங்கள். கொள்முதல் நிலையத்தில் நாம் போடுகிற நெல்தான் ரேஷனுக்குப் போகுது. ரேஷன் சுருங்கினால் கொள்முதலும் சுருங்கும். அப்புறம் வியாபாரி சொல்றதுதான் விலை!

சீர்திருத்தம் வேண்டாம் என்று சொல்லவில்லை. எடைக் குறைவை ஒழி, அரிசிக் கடத்தலைத் தடு, ஆளைக் குறைக்காதே! இதை ஊர் ஊராகச் சொல்வோம், ஒன்றுபடுவோம்!