எந்த நாட்டின் சட்டையைப் போடுவது?
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



ரெனிஸைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் செயலாளர் சற்றுத் திகைத்தார். எங்கள் காலத்தில் வலைப்பந்துதானே எல்லாம்! ஆனால் உங்களில் பலருடைய பிள்ளைகள் வேற்று நாட்டில் பிறந்தவர்கள். அந்தப் பிள்ளை விளையாட்டில் தேறிவிட்டால் யாருக்காக ஆடும்?

பிரகாஷ் அமிர்தராஜை எடுத்துக்கொள்வோம். 1983இல் லொஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். தகப்பன் சென்னையின் விஜய் அமிர்தராஜ். தாய் எங்கள் நாட்டுத் தமிழ்ப் பெண். விஜய் விம்பிள்டனில் 1973இலும் 1981இலும் காலிறுதிவரை போனவர். 1974இல் டேவிஸ் கிண்ண இறுதிக்கு வந்த இந்திய அணியிலும் அவர் இருந்தார். எதிரணி தென்னாபிரிக்கா. நிறவெறி அரசுடன் ஆடமாட்டோம் என்று இந்தியா கிண்ணத்தையே விட்டுக்கொடுத்தது. நாட்டுக்காக ஆடுவது மட்டுமல்ல, ஆடாமல் விடுவதும் அந்த வீட்டுக்குத் தெரியும்.

மகன் அமெரிக்காவில் படித்து, அங்கேயே ஆடி வளர்ந்தார். ஆனாலும் 2003இல் டேவிஸ் கிண்ணத்தில் இந்தியாவுக்காக இறங்கினார். உலகத் தரவரிசையில் முதல் நூறு பேருக்குள் அவர் வந்ததில்லை. தோள்பட்டைக் காயமும் வாட்டியது. இருந்தும் 2008இல் நியூபோர்ட் புற்தரைப் போட்டியில் இறுதியாட்டம் வரை போய், பிரான்சின் ஃபப்ரிஸ் சன்டோரோவிடம் தோற்றார். தகப்பன் மூன்று முறை வென்ற போட்டி அது. அந்த ஒரு கிழமையை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் நெகிழும்.

அதே ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில், அமெரிக்காவில் பிறந்த சுனிதா ராவ் சானியா மிர்சாவுடன் இந்தியாவுக்காக இரட்டையர் ஆட்டம் ஆடினார். சில மாதங்களில் கதவு மூடியது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவரே நாட்டைப் பிரதிநிதித்துவப்படுத்தலாம் என்று டிசம்பரில் அரசு அறிவித்தது. இந்தியா இரட்டைப் பிரசாவுரிமை கொடுப்பதில்லை. பிறந்த நாட்டின் கடவுச்சீட்டைக் கையளித்தால்தான் பூர்வீக நாட்டின் சட்டை.

அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். உள்ளூர் வெயிலில் காய்ந்து ஆடும் பிள்ளைக்கும் அந்த இடம்தானே வேண்டும்? ஆனால் விரும்பி வந்து ஐந்து வருடம் ஆடியவரிடம், இனி நீ வெளியாள் என்பதைக் கேட்க எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

இலங்கையின் சட்டம் வேறு. இரட்டைப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிவது முறை. பிந்தினால் அலைச்சல் கூடும். ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் பேரப்பிள்ளையை மைதானத்துக்குக் கூட்டிப்போகும் அம்மம்மாமாரே, பதிந்தாயிற்றா என்று இன்றிரவு மகளிடம் கேளுங்கள்.